மணிக்கு எண்பது குவாச்சா

கிட்வே இதழியல் கல்லூரியில்
மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை
நான் விதவை.

மணிக்கு எண்பது குவாச்சா.
போகவர மினிபஸ் காசு தனி.
இடுப்பில் கட்டும் சிட்டெங்கே துணி என்னுடையது.
கண்ணீர் வந்தால் அதுவும் என்னுடையது,
அதற்குக் கூடுதல் கட்டணம் கிடையாது.

பதினொன்றாம் எண் வகுப்பறை என் வீடு.
கதவுக்கு வெளியே பதினாறு பேர்
நோட்டும் பேனாவும் செல்போனுமாக
வரிசையில் நின்று
துக்க வீட்டைத் தட்டப் பழகுகிறார்கள்.

என் துக்கத்தைத் தாளில் அச்சடித்துத் தந்திருக்கிறார்கள்:
கணவன் பெயர் ஜோசப். வயது நாற்பத்தொன்று.
செம்புச் சுரங்கம். கூரை சரிந்தது. அதிகாலை நாலரை.
பிள்ளைகள் மூன்று
(மூத்தவன் பெயரைக் கேட்டால் மட்டும் சொல்லவும்).

முதல் பையன் தட்டாமலே வந்தான்.
"இப்போது உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது?"
காலையில் தின்ற வேர்க்கடலை
நெஞ்சைக் கரிக்கிறது தம்பி என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டான்.

இரண்டாமவள் எனக்கு முன்பே அழுதுவிட்டாள்.
நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

சிம்பெயா என்றொருவன்
போனை மூக்கருகே நீட்டி
"கம்பெனிதானே கொன்றது, சொல்லுங்கள்" என்றான்.
சொல்லியிருப்பேன். நாக்கு நுனிவரை வந்தது.
ஆனால் அது அவன் வாக்கியம்.
என் வாயை இரவல் கேட்கிறான்.

ஆறு, ஏழு, எட்டு.
கண் என்மேல், காது கடிகாரத்தின்மேல்.

அப்புறம் நமுகோலோ.
மேற்கே ஆற்றுச் சமவெளிக்காரி,
சுரங்கத்தின் வாயைக்கூடப் பார்த்திராதவள்.
தட்டினாள். காத்திருந்தாள்.
உள்ளே வந்து நாற்காலிகளைப் பார்த்தாள்.
துக்க வீட்டில் ஏது நாற்காலி?
இரண்டையும் சுவரோரம் நகர்த்திவிட்டு
சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள்.
நானும் இறங்கி உட்கார வேண்டியதாயிற்று.

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.
உருக்காலையின் கந்தகப் புகை ஜன்னலில் நுழைந்து
இருவரையும் இரும வைத்தது.
பிறகு கேட்டாள்,
"அவர் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்வீர்களா?"

பதினெட்டு வருடம்.
அன்று எங்கள் வாசலுக்கு வந்த நிருபனிடம்
இந்த ஒரு கேள்விதான் இல்லை.
மறுநாள் பேப்பரில் என் அண்ணன் கசோண்டே
கசண்டாவாகச் செத்திருந்தான்.
அந்தத் துண்டை வெட்டி வைக்கவா வேண்டாமா என்று
கத்தரிக்கோலோடு நெடுநேரம் நின்றேன்.

கே, ஏ, எஸ் என்றேன்.
அடுத்தது ஓ. நன்றாக வட்டம் போடு. ஓ.
என், டி, ஈ.

எழுதி முடித்து
நோட்டைத் திருப்பி என்னிடம் காட்டினாள்.
சரி என்றேன்.
அவள் எழுந்திருக்கவில்லை.
மடித்து வைத்திருந்த போலீஸ் குறிப்பைப் பிரித்தாள்.
"இதில் ஜோசப் என்றிருக்கிறது.
நீங்கள் வேறு பெயர் சொல்கிறீர்கள்.
எது சரி?"

இத்தனை வருட மேடையில்
வசனம் தவறியது அன்றுதான்.
இரண்டும் சரி என்றேன்.
"இரண்டும் சரியாக இருக்க முடியாதே" என்றாள்
கோபமில்லாமல்,
பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டபடி.

மாலையில் மதிப்பெண் ஒட்டினார்கள்.
நமுகோலோவுக்குப் பத்துக்கு நாலு:
நேரம் கடந்தது, செய்தி கொடுக்கவில்லை,
இறந்தவர் பெயர் உறுதியாகவில்லை.
சிம்பெயாவுக்கு எட்டு.

நூற்றறுபதை எண்ணி வாங்கிக்கொண்டு
பஸ் நிறுத்தத்துக்கு வந்தால் அங்கே அவள்.
ஜோசப் என்றே எழுதிக் கொடுத்திருக்கலாமே என்றேன்.
"சந்தேகம் இருந்ததே."

ஒரு சீட், ஒரே சீட் என்று கூவினான் கண்டக்டர்.
நீ ஏறு என்றேன்.
ஏறியவள் ஜன்னலில் நோட்டை விரித்துப் பிடித்தாள்.
கேள்விக்குறி அழியாமல் அப்படியே இருந்தது.
பக்கத்தில் அந்த ஓ,
வட்டமாக.