விகுதி

ஒத்தக்கடையில், ஹைகோர்ட் போகும் ரோட்டில்,
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
இருபத்தேழு வரி எழுதினேன்.
வெளியே லாரி வெளிச்சம் பட்டபோது மட்டும் யானைமலை,
மற்றபடி இருட்டு, கொசு.

ஞானசௌந்தரி அக்கா கடையை விற்றபோது
ஜெராக்ஸ் மெஷின், லேமினேஷன் மெஷின்,
இரண்டு ஸ்டூல், ஒரு காலண்டரோடு
பதினோராயிரத்துச் சொச்சம் ஃபைலும் எனக்கு வந்தது.
ஸ்கிரீன் முழுக்க அப்பிக் கிடந்தது.
வால்பேப்பரில் இருந்த சோலைமலை முருகன்
வேல் நுனியளவுதான் தெரிந்தார்.
புதிய போல்டர், அதற்குள் புதிய போல்டர் இரண்டு,
அதற்குள் கடைசி, நிஜக்கடைசி,
வக்கீல் சார் அவசரம்.

ஸ்கிரிப்டுக்குப் பெயர் முக்கியமில்லை.
புள்ளிக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கும்,
அவ்வளவுதான்.
எட்டாம் வகுப்பில் பகுபதம் பிரித்தது ஞாபகம் வந்தது.
பகுதியைக் கண்டுபிடிக்கத் திணறுவேன்,
விகுதியை மட்டும் டக்கென்று சொல்லிவிடுவேன்.
அந்த அரை மார்க் பிள்ளை
இருபது வருடம் கழித்து இப்படி உதவினாள்.
ஆனால் தமிழில் விகுதி ஆளைச் சொல்லும்,
அவனா அவளா அவர்களா என்று.
இது தாளைச் சொல்லும், ஆளை விட்டுவிடும்.

ஓடவிட்டேன்.

வாதி தந்ததும் பிரதிவாதி தந்ததும்
ஒரே போல்டருக்குள் போய் நின்றன.
இரண்டையும் அக்காதான் டைப் அடித்திருக்கிறாள்,
இரண்டிலும் பாத்தியதைக்குப் பாத்தியாதை.
காதுகுத்துப் பத்திரிகைக்கு அடுத்து கண்ணீர் அஞ்சலி.
நீலப் பின்னணியில் சிரிக்காத முகங்கள்
நாலாயிரத்து எண்பது.
பாட்டுப் போல்டரில் ஒன்றே ஒன்று விழுந்தது.
பதினாலு நொடி.
யாரோ இருமிவிட்டு
"பதிவாகுதா?" என்று கேட்கிறார்.
யாரும் பதில் சொல்லவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு முடிந்தது.
முருகன் மயிலின் கால்வரை தெரிந்தார்.
நான் எழுந்து நின்று பார்த்தேன்.

மறுநாள் திருமோகூரிலிருந்து வெள்ளைக்கண்ணு வந்தார்.
தை மாசம் ஸ்கேன் பண்ணிய பட்டா வேண்டும்,
வக்கீலுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப.
தேடினேன்.
எங்கள் ஸ்கேனர் தினமும் காலையில்
ஒன்றிலிருந்துதான் எண்ணத் தொடங்கும்.
ஒவ்வொரு நாள் போல்டரிலும் ஒரு ஒன்று.
அத்தனை ஒன்றையும் ஒரே இடத்துக்கு அனுப்பினேன்.
ஒரே பெயரில் இன்னொன்று வந்தால் என்ன செய்ய என்று
நான் எழுதவில்லை.
எழுதாததால் வந்தது வந்ததன் மேல் ஏறி உட்கார்ந்தது.
கடைசியாக ஏறியது மட்டும் மிச்சம்:
யாரோ ஒரு பையனின் பஸ் பாஸ் விண்ணப்பம்.

அறுநூற்றுப் பன்னிரண்டு பேரில்
ஒருவர்தான் என் முன்னால் நின்றார்.
மற்றவர்களுக்கு இன்னும் தெரியாது.

சொன்னேன்.
பொய் சொல்ல ஒரு ஹார்டு டிஸ்க் பழுது
கைவசம் இருந்தது, சொல்லவில்லை.

"விடுத்தா, அசலு இருக்குல்ல" என்று
சட்டைக்குள்ளிருந்து பாலிதீன் கவரை எடுத்தார்.
வியர்வையில் கவர் ஒட்டிக்கொண்டது.
பிரித்துத் தர நேரமானது.
அந்த நேரத்தில் இருபத்தெட்டாவது வரியை எழுதினேன்.
அதே பெயரில் ஆள் இருந்தால்
மேலே ஏறாதே, பக்கத்தில் உட்கார்.

ஸ்கேனர் விளக்கு
நாலு ஏக்கர் பன்னிரண்டு சென்டைக் கடந்து போனது.
"என்ன பேரு வைக்க?"
"பட்டா எங்கய்யா பேர்ல இருக்கு. அதையே வைய்யி."

வீரணன் என்று அடித்தேன்.
அன் விகுதி, ஆண்பால்.
ன் தலையில் ஒரு புள்ளி.
சேமித்ததும் பக்கத்தில்
தானாக வந்து நின்றது இன்னொரு புள்ளி.

இருபது ரூபாய் நீட்டினார்.
வேண்டாம் என்றேன்.
மேஜையில் வைத்துவிட்டு
நூற்றெட்டு பஸ் எப்ப வரும் என்று கேட்டார்.