நாற்பத்தொரு மைல்

என் பேரில் ஒரு கம்பனி இருக்கிறது.
அதற்குப் பெயர் கிடையாது, இலக்கம்தான்.
ஏழு இலக்கம், பின்னால் ஒன்ராறியோ என்றொரு சொல்.
முதலாளி நான், தொழிலாளியும் நான்.
போன மாசியில் காய்ச்சலென்று லீவு கேட்டேன்,
தரவில்லை.

பதியச் சொன்னது சற்குணராசா அண்ணர்.
லொறி அவருடையது, பின்னால் இழுபடும் பெட்டியும்.
எத்தனை மணிக்கு எழும்புவது,
எந்தக் கதவுக்குப் பின்னெடுப்பது,
எல்லாம் அவருடைய போன் சொல்லும்.
"கழிவே இல்லைத் தம்பி, முழுக் காசும் கைக்கு."
கோயில் தேருக்கு வெள்ளிக் குடை கொடுத்த மனிசன்.
கையெழுத்துப் போட்டேன்.

மைலுக்கு ஐம்பத்தெட்டுச் சதம்.
பிராம்ப்ரனில் இருந்து லாவால் போய்த் திரும்பினால்
லொறி சொல்வது எழுநூற்றுப் பதினான்கு.
கந்தோர்க் கணினி சொல்வது அறுநூற்று எழுபத்து மூன்று.
தபால் குறியீட்டில் இருந்து தபால் குறியீட்டுக்கு
அது காகம் மாதிரிப் பறந்து அளக்கிறதாம்.
நாற்பதாயிரம் இறாத்தல் தயிரைச் சுமந்துகொண்டு
எந்தக் காகம் பறந்தது?

கேட்டேன்.
"சிஸ்டம்" என்றாள் ஹர்லீன், முகம் பார்க்காமல்.
அவளுக்கும் மணிக்குப் பதினெட்டு டொலர்தான்.
அதற்கு மேல் கேட்க மனம் வரவில்லை.

லாவாலில் பதினாலாம் கதவு.
சிவப்பு விளக்கு எரிந்தால் அசையக் கூடாது.
முதல் இரண்டு மணித்தியாலம் இலவசம்,
யார் யாருக்குக் கொடுத்த இலவசம் என்று
எங்கும் எழுதியில்லை.
மைனஸ் இருபத்தாறு.
ஒன்றுக்குப் போக உள்ளே விடமாட்டார்கள்,
சாரதிகளுக்கு வெளியே நீலப் பெட்டி, கதவு உறைந்து கிடக்கிறது.
டாஷ்போட்டில் ஒரு கருவி இருக்கிறது.
நான் ஓடினால் அதற்குத் தெரியும்,
நின்றால் தெரியும், படுத்தால் தெரியும்.
சம்பளச் சீட்டோடுதான்
அதற்குப் பேச்சுவார்த்தை இல்லை.

பல்ஜீந்தர் போன கோடையில் விட்டுவிட்டான்.
இப்போது ஊருக்குள்ளேயே ஓட்டம்,
மணிக்கு இருபத்தேழு டொலர், கையால் இறக்க வேண்டும்,
ஒரு நாளைக்குப் பதினேழு கடை.
முதுகு போய்விட்டது என்கிறான்.
ஆனால் இரவில் மகனோடு சண்டை பிடிக்கிறேன் என்கிறான்,
ஏதோ போனஸ் கிடைத்தவன் மாதிரி.

தர்மினி பிஸ்கற் தொழிற்சாலையில் பக்கிங்.
ஒரு ஞாயிறு இரண்டு பேரின் சீட்டையும்
குசினி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.
அவளுடையதில் ஓய்வூதியத்துக்கு வெட்டு, வேலையிழப்புக்கு வெட்டு,
வரிக்கு வெட்டு, விடுமுறைக் காசு நான்கு வீதம்.
என்னுடையதில் ஒரு தொகை மட்டும், வெறும் முற்றம் போல.
"கழிவில்லாத சம்பளம்
சம்பளமே இல்லையப்பா" என்றாள்.
கோப்பையைக் கழுவப் போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் கொப்பி வாங்கினேன்.
திகதி, கதவு, வந்த நேரம், விட்ட நேரம்.
பதினொரு கிழமை.
நாற்பத்தொரு மைல், இருபத்துமூன்று டொலர் எழுபத்தெட்டுச் சதம்,
நாற்பத்தொரு மைல், இருபத்துமூன்று டொலர் எழுபத்தெட்டுச் சதம்.
எழுத எழுத ஒரு யோசனை:
அந்த நாற்பத்தொன்று எங்கே இருக்கிறது?
தேர்ந்தெடுத்துவிட்டேன்.
நப்பானியில் ஐந்நூற்று எழுபத்தொன்பதாம் வெளியேற்றம் தொடக்கம்
கனனோக்குவே அறுநூற்று நாற்பத்தைந்து வரை,
கிலோமீற்றரில் அறுபத்தாறு, மைலில் சரியாக நாற்பத்தொன்று.
அந்தத் துண்டில் நான் யாருக்கும் ஓட்டுவதில்லை.
ரேடியோவை நிறுத்திவிடுவேன்.
போன் அடித்தால் எடுக்கமாட்டேன்.
பனிக்குள் கிடக்கும் கிங்ஸ்ரனைக் கடக்கையில்
என் கம்பனியின் முதலாளி
என் பக்கத்துச் சீற்றில் வந்து உட்காருவான்,
ஒரு வார்த்தை பேசமாட்டான், வெட்கம்.
தயிருக்கு இது ஒன்றும் தெரியாது.

இப்போது மடியில் தொழில் திணைக்களத்தின் படிவம்.
பெயர் எழுதிவிட்டேன், விலாசம் எழுதிவிட்டேன்.
மூன்றாவது கேள்வி, உங்கள் வேலைகொள்வோர் யார்.
பேனை மை உறைந்திருக்கிறது,
கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்குகிறேன்.
ச என்று ஒரெழுத்துப் போட்டிருப்பேன்,
பதினாலாம் கதவில்
விளக்கு பச்சைக்கு மாறுகிறது.