காம்பளவு வட்டம்

மதியம் மூன்றுக்கே நாற்பத்திமூன்று வண்டி.
காவேரிப்பட்டணம் சாலையோரம்
டிராக்டர், டாட்டா ஏஸ், கதவில்லாத ஒரு பழைய லாரி.
எல்லாவற்றிலும் பெங்களூரா,
மூக்கு நீண்ட, கூழுக்கென்றே பிறந்த காய்.

மேடையிலிருந்து மாதையன் சொல்லச் சொல்ல
எண்கள் என் திரையில் ஒரே வரிசையாய் உட்கார்ந்தன.
நாற்பத்திமூன்றுக்கும் சேர்த்து ஒரு பெயர்: எடை.
ஒருமுறை பெருக்கினால் அத்தனையும் பெருகும்.
இதற்காகத்தான் இந்த மொழியைப் படித்தேன்,
வலமிருந்து இடம் போகிற மொழி.
ஆறு வெற்றிடம் தள்ளிக் கர்சர் துடிக்கும்,
தட்டினால் உடனே பதில் சொல்லும்.

தட்டினேன்: எடை பெருக்கல் விலை.
மதிப்புப் பிழை என்றது.
விலை என்ற வீட்டுக்கு
இன்னும் யாரும் குடிவரவில்லை.

"ரேட்டு காலையிலதான் சொல்வாங்க,
அதுவரைக்கும் நிறுத்தி வைம்மா"
என்றார் மேனேஜர் வரதராஜுலு.

முதலில் வரியைத் தூங்கச் சொன்னேன்,
நாற்பத்திமூவாயிரத்து இருநூறு நொடி.
தூங்கியது. கூடவே திரை முழுக்கத் தூங்கியது.
கர்சர் இல்லை, கேட்டதற்குப் பதில் இல்லை.
ஒரு வரி காத்திருக்க
மொத்தக் கடையையும் அடைப்பதா?
உடைத்து எழுப்பினேன்.

பிறகு ஒற்றை மேற்கோளுக்குள் போட்டேன்.
உள்ளே போனால் வரி வெறும் எழுத்து,
தேர்தல் வாக்குறுதி மாதிரி
செலவில்லாமல் கிடக்கும்.
காலையில் முன்னால் ஒரு குறி போட்டால்
எழுத்து எழுந்து வேலை பார்க்கும்.
கர்சர் திரும்பக் கிடைத்தது.
டீ குடிக்கப் போனேன்.

வெளியே
பழத்துக்கு மேற்கோள் இல்லை.

சந்தூர் சாலம்மா தார்ப்பாயைத் தூக்கி
கையை உள்ளே விட்டுச் சூடு பார்த்தாள்.
"விடியறதுக்குள்ள டன்னுக்கு இருபது கிலோ காத்தாப் போவும்"
என்றாள், என்னிடம் இல்லை,
டயரில் சாய்ந்து தூங்குகிற டிரைவரிடமும் இல்லை.

ஒன்பதரைக்கு வரதராஜுலு வந்தார்,
பல்குத்தியபடி, ஏதோ மறந்ததைச் சொல்கிறாற்போல:
"காலையில எல்லா வண்டியும் மறுபடி மேடை ஏறணும்.
புது எடைதான் கணக்கு."

புது எடை. அதே பெயர்.

அப்போதுதான் உறைத்தது.
மேற்கோளுக்குள் நான் வைத்தது எண்களை அல்ல,
பெயரை.
விடிந்ததும் அது எழுந்து "எடை யாரு?" என்று கேட்கும்.
அந்நேரம் அந்த நாற்காலியில் யார் இருக்கிறாரோ
அவரைக் கூட்டிக்கொண்டு போகும்.

இந்த மொழியில் ஒரு சின்ன வட்டம் உண்டு.
காம்பு ஒடித்த இடத்தில் பால் கசியுமே,
அந்த வாய் அளவுதான்.
எடைக்கும் பெருக்கலுக்கும் நடுவில் அதை வைத்தால்
இந்த நொடியின் எண்கள் இந்த நொடியோடு கட்டுண்டுவிடும்.
பெயரில் பிறகு யாரைக் கொண்டுவந்து உட்காரவைத்தாலும்
முடிச்சுக்குள் இருப்பது மாறாது.
விலை வரவேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

வைத்தேன்.
துணிச்சல் என்று சொல்லமாட்டேன், ஒரே ஒரு எழுத்து.
பதினொன்று வரை
அழிக்கிற விசையின் மேல்தான் விரல் இருந்தது.

ஐந்து ஐம்பதுக்கு ஓசூரிலிருந்து போன்: கிலோ ஒன்பது.
அதற்குள் வண்டிகள் ஊர்ந்து ஏறி இறங்கியிருந்தன.
மாதையன் குரல் கம்மிச் சொன்ன புது எண்கள்
எடையில் ஏறி உட்கார்ந்தாயிற்று.
விலையைக் கொடுத்தேன். ஓடியது.

"ரெண்டரை டன் கூட வருதே?"
வரதராஜுலு திரையருகே குனிந்தார்.
இடமிருந்து படித்தார். மறுபடி இடமிருந்தே படித்தார்.
"வரி நேத்து எழுதினது சார்."
"நடுவுல இது என்ன, முட்டை?"
"அது இல்லாட்டி ஓடாது சார்."
பொய்யில்லை. எனக்கு ஓடாது.

சீட்டுகள் அச்சாகி வந்தன.
சாலம்மா தன்னுடையதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்,
விரல்விட்டு எண்ணினாள்,
"நேத்து எடையையே தப்பாப் போட்டுட்டானுவ"
என்று டிரைவரின் காதில் சொன்னாள்.
யாரும் திருத்துவதற்கு முன்
நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு
வண்டியை எடுக்கச் சொன்னாள்.