ஒற்று

இந்த வருசம் ஏழு பேருக்குக் கேடயம்,
பாளையங்கோட்டைக் கல்வியியல் கல்லூரியில்.
அடித்துக் கொடுத்தது நான்தான்;
சமாதானபுரத்தில் கடை.

ஆவுடைத்தாயும் நானும் ஒரே செட்.
அவள் பாடக்குறிப்பைப் பார்த்தெழுதித்தான் பி.எட். தேறினேன்.
வாத்தியார் வேலை எனக்கு வாய்க்கவில்லை.

களக்காட்டுக்கு மேற்கே
இருபத்தாறு வருசம், ஓராசிரியர் பள்ளி.
மேடையில் அதைச் சொல்ல அரை நிமிசம் ஆனது.
பொன்னாடை. கைதட்டல். அடுத்த பெயர்.

பஸ் ஸ்டாண்டில் கேடயத்தைத் திருப்பிக் காட்டினாள்:
‘ஆவுடைதாய்’.
ஒற்றைக் காணோம்.

நான் நாக்கைக் கடிப்பதற்குள்
பையிலிருந்து சிவப்புப் பேனா வந்துவிட்டது.
இரண்டெழுத்துக்கு நடுவே சின்னதாய் ஒரு கூரை,
அதன்மேல் ‘த்’.
ஓரத்தில், பழக்கதோசம்,
கையெழுத்தும் தேதியும்.

களக்காடு வண்டி வந்தது.
மதிப்பெண் மட்டும் போடவில்லை.