இரண்டு முறை அடித்த ஒரு மணி

எபேன், ஏழாவது மாடி.
ஏசி இருமிக்கொண்டே இருக்கிறது.
இழுத்து மூடிய நெசவாலை ஒன்றின்
பழைய சம்பளக் கணக்கைப்
புது சர்வருக்குக் குடியேற்றுகிறேன்.
முன்னால் இருந்தவர்கள் மணியை எழுதிவைத்தார்கள்,
எந்த ஊர் மணி என்று எழுதவில்லை.
தீவில் இருப்பவனுக்கு
வேறு ஊர் ஏது?

நான்கைக் கழித்தால் யுடிசி.
கொயரியில் ஒரே வரி.
தேநீர் ஆறுமுன் முடியும் என்றுதான் உட்கார்ந்தேன்.

நெருடியது இரண்டாயிரத்து ஒன்பது.
அந்த ஒரு கோடை மட்டும்
வெயிலை மிச்சம்பிடித்துப் பார்த்தோம்.
அக்டோபரில் முள்ளை முன்னே தள்ளினோம்,
மார்ச்சில் பின்னே இழுத்தோம்,
பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.
ஊர் மறந்ததை
நேர மண்டலப் பட்டியல் மறக்கவில்லை:
அந்த ஐந்து மாதமும்
நான்கு அல்ல, ஐந்து.

மார்ச் இருபத்தொன்பது, ஞாயிறு விடியுமுன்
இரண்டாக வேண்டிய மணி
மறுபடி ஒன்றானது.
அதே இரவில் பாரிஸ் ஒரு மணியை விழுங்கியது,
நாங்கள் ஒன்றைக் கக்கினோம்.

அன்று வாயிற்காவல் சின்னையா வலாய்தன்.
(வேலாயுதன்தான்;
யாரோ ஒரு குமாஸ்தாவின் பிரெஞ்சுக் காதில்
மாற்றலாகி வந்த பெயர்.)
உள்ளே வந்தது இரவு பத்து,
வெளியே போனது காலை ஆறு.
பழைய கழித்தலுக்கு எட்டு மணி.
இரு முனையையும் யுடிசியாக்கிவிட்டுக் கழித்தால்
ஒன்பது.

அக்டோபர் இரவில்
ஏழு மணி உழைத்து எட்டுக்குக் கூலி வாங்கியவர்கள் உண்டு.
அவர் அன்று விடுப்பு.
ஆக, இரண்டரை நாழிகை
ஆலை அவருக்குப் பாக்கி.
ஆலைதான் இல்லை.

"விடு" என்றார் ழெரார், திரையைப் பார்க்காமலே.
பதிவில் தொலைபேசி எண் இருந்தது.
மதிய இடைவேளையில் அடித்தேன்.

முதலில் ஒரு சேவல், பிறகு அவர்.
கிரியோலில் விளக்கினேன்,
எனக்கே குழம்பும்வரை.
மறுமுனையில் கொஞ்ச நேரம் சேவல் மட்டும்.

"ரெண்டு மணிக்கு முள்ளைத் திருப்பணும்னு
சீட்டு ஒட்டியிருந்தாங்க.
நாற்காலி மேல ஏறி நான்தான் திருப்பினேன்.
ஒரு மணிச் சுற்றை ஏற்கெனவே முடிச்சாச்சு,
ஒரே ராத்திரியில
ஒரு மணிச் சுற்று ரெண்டு தடவை எதுக்கு?"
சிரித்தார்.
"மோ தி பே தோர்மி."

தூங்கிக்கொண்டிருந்தாராம்.
திருடன் வந்திருந்தால்
எந்த ஒரு மணிக்கு வந்தான் என்று
யாரும் சொல்லியிருக்க முடியாது.
பணம் வேண்டாம், கணக்கு நேர் என்றார்.
சேவலை அதட்டினார்.
வைத்துவிட்டார்.

டேபிளில் தொடக்கம் உண்டு,
முடிவு உண்டு,
மண்டலம் நேற்று நான் சேர்த்தது.
தூக்கத்துக்குக் கட்டம் இல்லை.

ஒன்பது என்றே பதிந்தேன்.
தூங்கியதும்
வேலை நேரத்தில்தானே.