கால் சுற்று

ஊஷியிலிருந்து வந்த படத்தில்
ஒரு விளக்கு. மஞ்சள்.
எழுத்து ஏதுமில்லை, கேள்விக்குறிகூட.

ஹெல்மொண்டில் காலை ஆறேகால்.
ஒரு காலில் மட்டும் காலுறையோடு
கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள் மார்லூஸ் ஸ்வின்கெல்ஸ்.
என்ன கோளாறு என்பது
அவளுக்கு முன்பே அவள் கைக்குத் தெரிந்துவிட்டது:
குளிர்நீர்க் குழாயின் மூன்றாவது வால்வு,
அதற்குப் பின்னால், கண்ணுக்கு எட்டாத இடத்தில்,
தடவித்தான் பிடிக்க வேண்டிய ஒரு திருகு.
இடப்பக்கம் கால் சுற்று.
அவ்வளவுதான்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்
முழங்கை வரை உள்ளே விட்டு அவளே இறுக்கியது.
டார்ச் பிடித்தவள் ஷென் யூச்சிங்.
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று
அவரவர் மொழியில் சொல்லிக்கொண்டார்கள்.

போன வியாழக்கிழமை கேன்டீனில் கூட்டம்.
சட்டப் பிரிவின் ஒக்கர்ஸ் பேசினார்:
உரிமம் முப்பத்தொன்றாம் தேதி நள்ளிரவோடு சரி.
மூன்று தலைநகரங்கள் உட்கார்ந்து பேசி
ஒரே பட்டியலுக்கு வந்திருக்கின்றன.
ஒருவர் வாசலைச் சாத்த
மற்றவர் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்டால்
சாத்தியவருக்கு என்ன மரியாதை?
சிரிப்பு. சாசேஜ் ரொட்டித் தட்டு கைமாறியது.

ஏற்றுமதி என்றால்
கப்பல், மரப்பெட்டி, கிரேன் என்றிருந்தவர்கள்
கொஞ்சம் நிமிர்ந்தார்கள்.
வரைபடம் ஏற்றுமதி.
மின்னஞ்சல் ஏற்றுமதி.
தொலைபேசியில் "அதைத் திருப்பு" என்பதும்.
பின்வரிசையில் ஒருவன் கேட்டான்:
தலையாட்டினால்?
ஒக்கர்ஸ் யோசித்தார்.
எதைக் கேட்டதற்கு ஆட்டுகிறாய் என்பதைப் பொறுத்தது.

அனுமதி, ஏற்றுமதி,
இரண்டின் வாலிலும் மதி ஒட்டிக்கொண்டிருக்கும் மொழியில்
நான் இதை எழுதுகிறேன்.
அவர்கள் மொழியில் அப்படி இல்லை.
ஆனாலும் பூட்டு விழுந்தது அதற்குத்தான்.

மார்லூஸுக்குச் சட்டத்தின் மேல் கோபம் என்று
சொல்லிவிட முடியாது.
ஊஷி தொழிற்சாலையில் நான்காம் மாடி ஒன்று உண்டு.
அங்கே ஏறிப் போகும் சிலிக்கான் தட்டுகள்
பிறகு எதன் கண்ணாகின்றன,
வாசல் கேமராவுக்கா, ஏவுகணைக்கா?
ஒருமுறை கேட்டபோது ஷென் தோளைக் குலுக்கினாள்.
அவள் அட்டைக்கும் அந்தக் கதவு திறக்காது.

கைபேசியில் தட்டினாள்: மூன்
அழித்தாள்.
இடப்ப
அழித்தாள்.
ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு திரையில்
மூன்று புள்ளிகள்
எழும்பி, அடங்கி, மறுபடி எழும்பி
காணாமல் போயிருக்கும்.

கடைசியில் அனுப்பியது:
இங்கே மழை. அங்கே?
வெகுநேரம் கழித்து:
இங்கேயும். பையன் பல்லில் போட்ட கம்பியை எடுத்தாயிற்றா?
எடுத்தாயிற்று.
மேலே தள்ளிப் பார்த்தாள்.
படம் இல்லை. ஷென் அழித்திருந்தாள்.

அலுவலகத்தில் படிவம்.
தொடர்பு கொண்டவர். நாடு. நேரம்.
தொழில்நுட்பத் தகவல் பகிரப்பட்டதா?
'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டாள்.
பிறகு பேனா நகரவில்லை.
விடை ஒன்று இருக்கிறது,
சின்ன விடை, விரல் நுனியில் வந்து நின்ற விடை
என்று அந்தப் புள்ளிகள் சொல்லியிருக்குமே.
இருக்கிறது என்று தெரிந்துகொள்வது
எத்தனை கிராம்? எந்தச் சுங்க எண்?
படிவத்தில் அதற்கு வரி இல்லை,
இரண்டு பொருளிலும்.

ஏழு வாரம் கழித்து இன்னொரு படம்.
பீங்கான் தட்டில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம்.
எங்கும் வாங்கியதல்ல, அங்கேயே வார்த்தது.
விளிம்பில் அச்சுப் பிசிறு தெரிந்தது.
இந்த முறை கீழே எழுத்து:
கொஞ்சம் கசிகிறது.

பெருமையா, கேள்வியா என்று தெரியவில்லை.
மார்லூஸ் இரண்டு விரலால் படத்தை விரித்தாள்.
பார்த்தாள். ஏன் கசிகிறது என்று
புரிந்துவிட்டது, பாழாய்ப் போக.

கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு
சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனாள்.
சக்கரம் கல்லாய் இறுகியது.
அதற்குப் பிறகும் அடித்துக்கொண்டிருந்தாள்.