ஏப்ரல் ஒன்று நிலவரப்படி

எல்லைப் பலகையில் இனி 163.
நெப்ராஸ்கா வரைபடத்தில்
ஈ உட்கார்ந்தால் மறையும் ஊர்.

வீடுகள் 131. ஆளில்லாதவை 38.
அத்தனை கதவையும் தட்டியவள் நான்,
விதிமுறை அப்படி.
ஓரிடத்தில் சமையலறைத் தரையைப் பிளந்து
எல்ம் கன்று ஒன்று நின்றது.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

குடும்பத்துக்குச் சராசரி ஒன்றேமுக்கால் பேர்.
"அந்த முக்கால் நான்தான்" என்றார் லாடிஸ் ஹ்ரூஷ்கா,
சோளம் அறுக்கும் இயந்திரம் தின்ற காலுக்குப் பதிலாக வந்த
குழாயைத் தட்டியபடி.
நான் சிரித்திருக்கக் கூடாது.

ஆர்லிஸ் வோசிகா
ஏப்ரல் இரண்டு விடியலில் போய்ச் சேர்ந்தார்.
கணக்கில் இருக்கிறார், இன்னும் பத்தாண்டு.
அன்று மதியம்,
பன்றி இறைச்சி ஆலையில் கணவன் ஷிஃப்ட் முடியுமுன்
ஹிலாரியாவுக்குப் பெண் பிறந்தது.
கணக்கில் இல்லை.

மறு ஆகஸ்டில் பட்டியல் வந்தது.
அவளிடம் சொல்லப் போனேன்,
கடன்பட்டவள் மாதிரி.
குழந்தை என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு
தெருவரை ஓடியது.
ஹிலாரியா கேட்டது வேறு:
"அந்த மரம் முளைத்த வீடு...
தண்ணீர் இணைப்பு இன்னும் இருக்கிறதா அதற்கு?"